ஒரு டீ காசுக்கு ஒரு முடி மாத்திரை: சலினாஸ் கிராமத்திலிருந்து கிண்டி வரை

1.
முடி கொட்டுதுன்னு மெடிக்கல் ஷாப்புக்குப் போய் "ஃபினாஸ்டரைட் ஒரு அட்டை குடுங்க"ன்னு கேட்டிருக்கீங்களா? நீங்க கேட்கலைன்னாலும் உங்க வீட்டுல, ஹாஸ்டல்ல, ஆபீஸ்ல யாராவது ஒருத்தர் கேட்டிருப்பார். சீட்டு எங்கேன்னு கேட்காமலே கொடுத்தும் இருப்பாங்க.

2.
அந்த ஒரு மில்லிகிராம் மாத்திரை எங்கிருந்து வந்தது? நம்ம ஊர்ல அது ஏன் ஒரு டீ காசுக்குள்ள கிடைக்குது? அந்த மலிவால் நமக்குக் கிடைச்சது என்ன, நாம மறந்தது என்ன? இதுதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம்தான். கடைசியில் உங்களுக்கு நேரடியா உதவுற விஷயங்கள் இருக்கு, அதனால பொறுமையா படிங்க.

3.
முதல்ல ஒரு பழைய கவனிப்பு. விரை நீக்கப்பட்ட ஆண்களுக்குச் சொட்டை விழுவதில்லை என்று ஹிப்போகிராட்டஸ் காலத்திலேயே கிரேக்கர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அரிஸ்டாட்டிலும் எழுதியிருக்கிறார். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. கண்ணால் பார்த்தார்கள், குறித்து வைத்தார்கள். அந்த 'ஏன்'-க்குப் பதில் கிடைக்க இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆனது.

4.
1942. அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் ஜேம்ஸ் ஹாமில்டன் 104 ஆண்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். விரை நீக்கப்பட்டவர்கள், பருவ வளர்ச்சியே முழுமையாக நடக்காதவர்கள் என்று பலர் அதில் இருந்தார்கள். பருவம் வருவதற்கு முன்பே விரை இழந்தவர்களுக்கு வழுக்கை வரவில்லை. அவர்களில் சிலருக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை இருந்தவர்களுக்கு மட்டும் முடி உதிர ஆரம்பித்தது.

5.
இதில் ரெண்டு பாடம். ஆண் ஹார்மோன் வேண்டும், பரம்பரையும் வேண்டும். ரெண்டும் சேர்ந்தால்தான் சொட்டை. "ஹெல்மெட் போட்டதால முடி போச்சு", "போர் தண்ணியால சொட்டை விழுந்துச்சு" என்பதற்கெல்லாம் 1942-லேயே பதில் வந்தாச்சு. உப்புத் தண்ணீரில் முடி வறண்டு போகலாம், உடையலாம். நெற்றி ரெண்டு பக்கமும் ஏறுவதும் உச்சந்தலை வெளுப்பதும் வேறு கதை.

6.
அதே ஹாமில்டன் ஒரு வருஷம் முன்னாடி, 1941-ல், பருவைப் பற்றியும் எழுதினார். ஆண் ஹார்மோன் இல்லாத உடலில் பரு வருவதில்லை, கொடுத்தால் வருகிறது. ஆக, தலையில் முடி போவதும் முகத்தில் பரு வருவதும் பெண்களுக்குத் தாடையில் முடி முளைப்பதும் ஒரே குடும்பத்துச் சண்டைகள். ஒரே ஹார்மோன் குடும்பம், தோலின் வெவ்வேறு இடங்கள்.

7.
ஆனா இங்கே ஒரு சிக்கல். சொட்டை விழுந்தவர் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனை அளந்து பார்த்தால் பெரும்பாலும் நார்மல். பக்கத்தில் நிற்கும் சுருட்டை முடிக்காரருக்கும் அதே அளவுதான். அப்படின்னா வித்தியாசம் எங்கே?

8.
1968-ல் ஒரு துப்பு கிடைத்தது. நிக்கலஸ் புருக்கோவ்ஸ்கி, ஜீன் வில்சன் என்ற இரு ஆய்வாளர்கள் எலியின் ப்ராஸ்டேட் சுரப்பியில் டெஸ்டோஸ்டிரோன் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். அது அப்படியே வேலை செய்யவில்லை. செல்லுக்குள் போனதும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற இன்னும் வீரியமான ஹார்மோனாக மாறி, செல்லின் உட்கருவில் போய் உட்கார்ந்தது. இனி அதை டிஹெச்டி என்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

9.
மாற்றி விடுவது யார்? 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற ஒரு என்சைம், தமிழில் நொதி. நெல்லை அரிசியாக்கும் மில் மாதிரி வெச்சுக்கோங்க. ரத்தத்தில் வர்ற டெஸ்டோஸ்டிரோன் நெல். தோலிலும் ப்ராஸ்டேட்டிலும் இருக்கிற என்சைம்தான் மில். ஊருக்குள் எவ்வளவு நெல் வந்தது என்பதைவிட, எந்தத் தெருவில் மில் வேகமாக ஓடுகிறது என்பதுதான் இங்கே கணக்கு.

10.
பெண்களுக்கும் இதேதான். "டாக்டர், ஹார்மோன் டெஸ்ட் எல்லாம் நார்மல். ஸ்கேன்லயும் பிசிஓடி இல்ல. ஆனா தாடையில முடி வளருது" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை, லேபும் தப்பு செய்யவில்லை. ரத்தத்தில் அளவு சரியாக இருந்தாலும் தோலுக்குள் மில் வேகமாக ஓடலாம். ரத்தப் பரிசோதனையில் அது தெரியாது.

11.
சரி, இந்த மில்லை நிறுத்தினால் மனித உடலுக்கு என்ன ஆகும்? இதை ஆளை வைத்துச் சோதித்துப் பார்க்க எந்த டாக்டருக்கும் உரிமை இல்லை. ஆனால் இயற்கையே ஒரு இடத்தில் அதைச் செய்திருந்தது.

12.
கரீபியன் கடலில் டொமினிகன் குடியரசு என்று ஒரு நாடு. அதன் தென்மேற்கில் சலினாஸ் என்ற ஒதுக்குப்புறக் கிராமம். அங்கே சில குழந்தைகள் பிறக்கும்போது பெண் பிள்ளை போலத் தெரிவார்கள். பெண் பெயர் வைத்து, பாவாடை கட்டி வளர்ப்பார்கள். பன்னிரண்டு வயதை ஒட்டிக் குரல் உடையும், தசை ஏறும், விரை கீழிறங்கும், ஆண்குறி வளரும். ஊர்க்காரர்கள் இதற்கு 'பன்னிரண்டு வயதில்' என்று பொருள் வரும்படி ஒரு பெயரே வைத்திருந்தார்கள்.

13.
கார்னெல் மருத்துவக் கல்லூரியின் ஜூலியன் இம்பராட்டோ-மெக்கின்லியும் சக ஆய்வாளர்களும் அந்த ஊருக்குப் போய் ஆராய்ந்து, 1974-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அந்தப் பிள்ளைகள் மரபணுப்படி ஆண்கள். டெஸ்டோஸ்டிரோன் சரியாகவே சுரக்கிறது. அதை டிஹெச்டி ஆக்கும் என்சைம் மட்டும் பிறவியிலேயே வேலை செய்யவில்லை.

14.
தாயின் வயிற்றில் ஆண் குழந்தையின் வெளி உறுப்பை உருவாக்குவது டிஹெச்டி. அது இல்லாததால் பிறக்கும்போது பெண் போலத் தெரிகிறது. பருவ வயதில் குரலுக்கும் தசைக்கும் டெஸ்டோஸ்டிரோனே போதும். அதனால் பன்னிரண்டில் அந்த மாற்றம். இந்த வாக்கியத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க: வயிற்றில் இருக்கும் ஆண் குழந்தைக்கு டிஹெச்டி வேண்டும். பின்னாடி தேவைப்படும்.

15.
இவர்கள் வளர்ந்து பெரியவர்களான பிறகு எப்படி இருந்தார்கள் என்பதுதான் மருந்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ப்ராஸ்டேட் மிகச் சிறியது. தாடி குறைவு. பரு இல்லை. நெற்றி ஏறவில்லை, சொட்டை இல்லை. மற்றபடி ஆரோக்கியமான, உழைக்கிற உடம்பு.

16.
மெர்க் என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவராக அப்போது இருந்தவர் ராய் வாகெலோஸ். அடிப்படையில் என்சைம் விஞ்ஞானி. அவர் யோசித்தது நேரானது. இந்த என்சைமை ஒரு மாத்திரையால் தடுத்தால், வயதானவர்களுக்கு ப்ராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைப்பதைக் குறைக்கலாமே? வளர்ந்த ஆணுக்கு அந்த என்சைம் இல்லாமல் உயிர் போய்விடாது என்பதற்கு ஒரு கிராமமே சாட்சி.

17.
அப்படிப் பிறந்தது ஃபினாஸ்டரைட். என்சைமின் பூட்டில் போய் மாட்டிக்கொள்ளும் போலிச் சாவி மாதிரி. 1992-ல் 5 மில்லிகிராம் அளவில், ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு, அமெரிக்கா அனுமதித்தது. 1997 டிசம்பரில் அதே மருந்து 1 மில்லிகிராம் அளவில், ஆண்களின் வழுக்கைக்கு, வேறு பெயரில் வந்தது.

18.
வேலை செய்யுதா? செய்யுது. 18 முதல் 41 வயது வரையுள்ள 1,553 ஆண்களை வைத்து நடந்த ஆய்வு 1998-ல் வெளியானது. ரெண்டு வருஷ முடிவில் முடி எண்ணிக்கை குறைந்தவர்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 72 சதவீதம். மருந்து எடுத்தவர்களில் 17 சதவீதம். அதாவது இந்த மருந்தின் முதல் வேலை இருக்கிற முடியைப் பிடித்து வைப்பது. பளபளன்னு ஆன இடத்தில் காடு வளர்க்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

19.
இங்கே சலினாஸ் பற்றி ஒரு வார்த்தை. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான மாத்திரைகள் விற்றிருக்கின்றன. அதற்கு வழிகாட்டிய பிள்ளைகளின் பெயர் எந்த அட்டையிலும் இல்லை. அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள், அரவணைத்த தாய்மார்களும் இருந்திருப்பார்கள். உடல் வேறு மாதிரி அமைந்த ஒரு பிள்ளையை நம்ம ஊர்ல எப்படிப் பேசுறோம்னு யோசிக்க இது ஒரு நல்ல இடம்.

20.
"அப்போ பருவுக்கும் இந்த மாத்திரையே போடலாமே டாக்டர்?" நியாயமான கேள்வி. மருந்து கம்பெனியும் அதையே கேட்டது. பதில் ஆச்சரியமானது.

21.
1990-ஐ ஒட்டி, இந்த என்சைமில் ரெண்டு வகை இருப்பது தெரிந்தது. ரெண்டாம் வகை முடியின் வேரிலும் ப்ராஸ்டேட்டிலும். முதல் வகை தோலின் எண்ணெய்ச் சுரப்பியில். ஃபினாஸ்டரைட் முக்கியமாகத் தடுப்பது ரெண்டாம் வகையை. சலினாஸ் பிள்ளைகளுக்கு இல்லாததும் அதே ரெண்டாம் வகைதான். பரு எண்ணெய்ச் சுரப்பி சம்பந்தப்பட்டது. ஆகவே முதல் வகையைத் தடுக்கும் புதிய மருந்தைச் செய்து, பரு உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

22.
தோற்றுப் போனது. 2004-ல் வந்த முடிவு: வெற்று மாத்திரையைவிட எந்த விதத்திலும் மேல் இல்லை. காகிதத்தில் அழகாகப் பொருந்திய கணக்கு முகத்தில் பலிக்கவில்லை. அதனால் பருவுக்கு ஃபினாஸ்டரைட் வாங்கிப் போடுறவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க. பருவுக்கு வேறு நல்ல மருந்துகள் இருக்கு.

23.
பெண்களின் முடி உதிர்வு? மாதவிலக்கு நின்ற 137 பெண்களிடம் ஒரு வருஷம் 1 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2000-ல் வந்தது. பலன் இல்லை. வேறு அளவுகளில், தேர்ந்தெடுத்த சிலருக்கு, முகத்தில் முடி வளர்வதற்கும் சேர்த்து, தோல் நிபுணர்கள் கவனமாகக் கொடுப்பது உண்டு. அது டாக்டர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. அண்ணனோட மாத்திரையைத் தங்கச்சி எடுத்துப் போடுற விஷயம் கிடையாது.

24.
இனி நம்ம ஊருக்கு வருவோம். அமெரிக்காவில் 1 மில்லிகிராம் மாத்திரையின் விலை தாங்காமல், பலர் 5 மில்லிகிராம் ப்ராஸ்டேட் மாத்திரையை வாங்கி நாலாகவும் அஞ்சாகவும் வெட்டிச் சாப்பிட்டார்கள். மருந்து ஒன்றுதான், பெட்டியும் விலையும்தான் வேறு. இந்தியாவிலோ அதே மருந்தைப் பல கம்பெனிகள் மலிவாகச் செய்து விற்றன. எப்படி முடிந்தது?

25.
விடை ஒரு தமிழ்நாட்டு நீதிபதியிடம் தொடங்குகிறது. சுதந்திரம் வந்தபோது நம்மிடம் இருந்தது 1911-ம் வருஷத்து வெள்ளைக்காரன் காப்புரிமைச் சட்டம். மருந்து விலை தாறுமாறு. உலகிலேயே மருந்து விலை மிக அதிகமான நாடுகளில் ஒன்று இந்தியா என்று அமெரிக்க செனட்டின் குழு ஒன்றே அந்தக் காலத்தில் குறிப்பிட்டது. ஏழை நாடு, பணக்கார விலை.

26.
சட்டத்தை எப்படி மாற்றலாம் என்று ஆராயும் பொறுப்பு நீதிபதி என். ராஜகோபால அய்யங்காருக்குத் தரப்பட்டது. மெட்ராஸ் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர், பிறகு உச்ச நீதிமன்றம் போனவர். 1959-ல் அவர் அறிக்கை வந்தது. இந்தியாவில் பதிவான காப்புரிமைகளில் 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டவர் கையில், அவற்றில் பெரும்பாலானவை இந்தியாவில் உற்பத்திக்கே வரவில்லை என்று அவர் காட்டினார். பூட்டி வைக்க வாங்கிய உரிமைகள்.

27.
அந்த அறிக்கையின் அடிப்படையில் வந்ததுதான் 1970-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம். 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மருந்துக்கும் உணவுக்கும் அதில் ஒரு தனி விதி: பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் செய்யும் முறைக்கு மட்டும்தான். அதுவும் அதிகபட்சம் ஏழு வருஷம்.

28.
சமையல் கணக்கில் சொன்னால், சாம்பாருக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. உன் செய்முறைக்கு மட்டும் உரிமை. வேறு வழியில் அதே சாம்பாரை நான் வைத்தால் நீ கேட்க முடியாது. இந்திய வேதியியலாளர்கள் வேறு வழிகளைக் கண்டுபிடிப்பதில் கில்லாடிகள் ஆனார்கள். இன்று உலகத்துக்கு நாம் மலிவு மருந்து அனுப்புவதற்கு அடித்தளம் அதுதான்.

29.
ஃபினாஸ்டரைட் மூலக்கூறு 1980-களைச் சேர்ந்தது. அப்போது நம் நாட்டில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமையே இல்லை. அதனால் அமெரிக்காவில் காப்புரிமை 2006 வரை, முடிக்கான பெட்டிக்கு 2013 வரை என்று நீண்டபோது, இங்கே சிப்லா போன்ற கம்பெனிகள் தாராளமாகத் தயாரித்தன. உங்க கையில் இருக்கிற அட்டையின் விலைக்கு இதுதான் காரணம்.

30.
உலக வர்த்தக ஒப்பந்தத்தால் 2005 ஜனவரி 1 முதல் இந்தியாவும் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தர வேண்டியதாயிற்று. அப்போது நம் நாடாளுமன்றம் ஒரு தடுப்புச் சுவர் வைத்தது. பிரிவு 3(டி). ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளுக்குப் புதிய உபயோகம் கண்டுபிடித்தால் அது புதுக் கண்டுபிடிப்பு ஆகாது. பலன் கூடாமல் வடிவம் மட்டும் மாற்றினாலும் ஆகாது.

31.
இந்தச் சுவர் தாங்குமா என்ற பரீட்சை முதலில் நடந்தது சென்னையில். கிண்டி ஜி.எஸ்.டி. சாலையில் போகும்போது அறிவுசார் சொத்துரிமை அலுவலகக் கட்டடத்தைப் பார்த்திருப்பீங்க. சென்னைக் காப்புரிமை அலுவலகம் இன்று இருப்பது அங்கேதான். நாங்க டிகிரி வாங்குற எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் அதே கிண்டி. சீட்டு எழுதும் உரிமை ஒரு கட்டடத்தில், எழுதின மருந்தை நோயாளி வாங்க முடியுமா என்ற கேள்வி இன்னொரு கட்டடத்தில்.

32.
வழக்கு இன்னொரு என்சைம் தடுப்பு மருந்தைப் பற்றியது. இமாட்டினிப், ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு. நோவார்ட்டிஸ் நிறுவனம் அதன் ஒரு படிக வடிவத்துக்கு 1998-ல் சென்னையில் விண்ணப்பித்திருந்தது. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் அதை நிராகரித்தது. அந்த நிறுவனத்தின் மருந்து மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகளின் அதே மருந்து சுமார் 8,000 முதல் 10,000.

33.
பிரிவு 3(டி)-யே செல்லாது என்று நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2007 ஆகஸ்டில் நீதிபதிகள் ஆர். பாலசுப்ரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு அதைத் தள்ளுபடி செய்தது. காப்புரிமை மறுப்பு சரிதான் என்று 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. எத்தனையோ புற்றுநோய்க் குடும்பங்கள் நகையை அடகு வைக்காமல் தப்பித்தது இப்படித்தான்.

34.
இதை ஏன் முடி மாத்திரைத் த்ரெட்டில் சொல்றேன்? இதே கேள்வி ஃபினாஸ்டரைடுக்கும் இங்கிலாந்தில் வந்தது. தெரிந்த மருந்து, வேறு அளவு, முடிக்கு. இதற்குத் தனிக் காப்புரிமை உண்டா? 2008-ல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 'உண்டு' என்றது. நம் சட்டப்படி தெரிந்த பொருளின் புதிய உபயோகத்துக்கு உரிமை இல்லை. ஒரே மாத்திரை, ரெண்டு ஊர், ரெண்டு நியாயம்.

35.
ஆக, உங்க கையில் இருக்கிற மலிவு தானாக வந்ததில்லை. ஒரு நீதிபதியின் அறிக்கை, ஒரு நாடாளுமன்றம், நோயாளிகளின் அமைப்புகள், நீதிமன்றங்கள் எல்லாம் சேர்ந்து கொடுத்தது. நான் அதை முழுசா ஆதரிக்கிறேன். ஆனால் ஒன்று நடந்துவிட்டது. விலை குறைந்ததும், மருந்தும் லேசானது என்று நினைக்க ஆரம்பித்துவிட்டோம்.

36.
ஃபினாஸ்டரைட் நம் சட்டப்படி ஷெட்யூல் எச் மருந்து. சீட்டு இருந்தால்தான் விற்கணும். விலையை மலிவாக்கிய அதே நாட்டுச் சட்டம்தான் இதையும் சொல்கிறது. முதல் சட்டத்தை அனுபவிக்கிறோம், ரெண்டாவதை மறந்துடறோம். உடலில் இருந்து ஒரு ஹார்மோனை மூணில் ரெண்டு பங்குக்கு மேல் குறைக்கும் மருந்து இது. ஒரு டீ காசு என்பதால் அது டீ ஆகிவிடாது.

37.
இனி உங்களுக்கு வேண்டியது. ஒன்று, கர்ப்பம். பதினாலாம் நம்பர் போஸ்ட்டை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன் இல்லையா? கர்ப்பிணி இந்த மருந்தை எடுத்தால் வயிற்றில் இருக்கும் ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு சரியாக உருவாகாமல் போகலாம். உடைந்த, வெட்டிய மாத்திரையைக் கர்ப்பிணிகள் கையால் தொடவே கூடாது. காசு மிச்சம்னு 5 மில்லிகிராம் மாத்திரையைச் சமையல் மேடையில் வெட்டுற பழக்கம் வேண்டாம்.

38.
ரெண்டு, ரத்த தானம். ஃபினாஸ்டரைட் எடுப்பவர்கள் நிறுத்தி ஒரு மாதம் கழித்துத்தான் ரத்தம் கொடுக்கணும். டூட்டாஸ்டரைட் எடுப்பவர்கள் ஆறு மாதம். அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கும் போகலாம் என்பதுதான் காரணம். பாரத்தில் 'மருந்து ஏதும் எடுக்கிறீர்களா' என்று கேட்டால் முடி மாத்திரையும் மருந்துதான். எழுதுங்க.

39.
மூணு, பிஎஸ்ஏ பரிசோதனை. ப்ராஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகிக்க உதவும் ரத்தப் பரிசோதனை இது. ஃபினாஸ்டரைட் அந்த அளவைச் சுமார் பாதியாக்கிவிடும். அம்பது வயசுல மாஸ்டர் ஹெல்த் செக்கப் போறவர், முப்பது வயசுலேர்ந்து இந்த மாத்திரை போடுறார்னு டாக்டருக்குத் தெரியாவிட்டால், 'நார்மல்'னு வந்த ரிப்போர்ட் உண்மையில் நார்மல் இல்லாமல் இருக்கலாம். மறைக்க வெட்கம் வேண்டாம், சொல்லிடுங்க.

40.
நாலு, பாலியல் பக்க விளைவுகள். ஆசை குறைவது, விறைப்பு குறைவது, விந்து அளவு குறைவது. ஆய்வில் மருந்து எடுத்தவர்களில் 3.8 சதவீதம், வெற்று மாத்திரையில் 2.1 சதவீதம். பெரும்பாலானோருக்கு வராது. வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு நிறுத்தினால் சரியாகும். நிறுத்திய பிறகும் சிலருக்குத் தொடர்ந்ததாக வந்த புகார்களால், 2012-ல் அமெரிக்க மருந்து ஆணையம் அதை மருந்துத் தாளிலேயே சேர்க்கச் செய்தது.

41.
அஞ்சு, மனசு. இந்த என்சைம் மூளையிலும் இருக்கு. மன அழுத்தம் பற்றிய எச்சரிக்கை ஏற்கெனவே இருந்தது. 2025 மே மாதம் ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புக் குழு, தற்கொலை எண்ணம் ஃபினாஸ்டரைட் மாத்திரையின் பக்க விளைவுதான் என்று உறுதி செய்தது. அரிதானது. ஆனாலும் தெரிந்திருக்கணும். மாத்திரை ஆரம்பித்த பிறகு மனசு இருண்டு போற மாதிரி இருந்தா, நிறுத்திட்டு உடனே டாக்டரைப் பாருங்க. வீட்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லுங்க. ஏற்கெனவே மன அழுத்தம் இருக்குன்னா ஆரம்பிக்கும் முன்பே சொல்லுங்க.

42.
ஆறு, "இன்னும் பவரானது வேணும்"னு டூட்டாஸ்டரைடுக்குத் தாவுவது. அது ரெண்டு வகை என்சைமையும் தடுக்கும், டிஹெச்டியை 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கும். 2001-ல் அமெரிக்காவில் ப்ராஸ்டேட்டுக்கு அனுமதி. வழுக்கைக்கு 2009-ல் தென் கொரியா அனுமதித்தது, அமெரிக்கா இன்று வரை இல்லை. ஃபினாஸ்டரைடில் பாதி சில மணி நேரத்தில் உடலை விட்டுப் போகும். டூட்டாஸ்டரைடில் பாதி போகவே சுமார் அஞ்சு வாரம். பக்க விளைவு வந்தால் அதுவும் மெதுவாகத்தான் கிளம்பும்.

43.
ஏழு, பொறுமை. மூணு மாசத்தில் பலன் இல்லைன்னு தூக்கிப் போடாதீங்க. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் பார்க்கணும். நிறுத்தினால் பிடித்து வைத்த முடி ஒரு வருஷத்துக்குள் போகும். காரணம் சுலபம்: மில் பழுதாகவில்லை, பூட்டி வைத்திருந்தோம். பூட்டைத் திறந்தால் மறுபடி ஓடும்.

44.
அப்போ யார் எடுக்கலாம்? ஆண்களுக்கான பரம்பரைச் சொட்டை என்று தோல் மருத்துவர் பார்த்து உறுதி செய்தவர்கள், மேலே உள்ளதைத் தெரிந்துகொண்டு தாராளமாக எடுக்கலாம். நல்ல மருந்து. பயமுறுத்த இந்தத் த்ரெட்டை எழுதலை. டைபாய்டு, டெங்கு வந்து மூணு மாசம் கழித்துக் கொத்தாகக் கொட்டும் முடிக்கும் ரத்தசோகை, தைராய்டால் கொட்டும் முடிக்கும் இந்த மாத்திரை வேலை செய்யாது. எது என்று பார்க்கத்தான் டாக்டர்.

45.
எடுக்காமலும் இருக்கலாம். சொட்டை ஒரு நோய் இல்லை, ஆண்களில் பெரும்பாதிப் பேருக்கு வயசோடு வருவது. கல்யாணப் பேச்சில் "மாப்பிள்ளைக்கு முன்னாடி முடி இல்லையே"னு இழுக்கிற பெரியவங்களுக்கும் இதைக் கொஞ்சம் அனுப்பி வையுங்க. பல இருபத்தஞ்சு வயசுப் பையன்கள் மாத்திரை தேடி ஓடுறது முடிக்காக மட்டும் இல்லை, அந்தப் பேச்சுக்காகவும்.

46.
அடுத்த முறை சீட்டில்லாமல் அட்டை வாங்கத் தோணினா, ஒரு தடவை டாக்டரைப் பார்த்துட்டு வாங்குங்க. ஏற்கெனவே எடுத்துக்கிட்டு இருக்கீங்கன்னா, எந்த டாக்டர்கிட்ட எதுக்குப் போனாலும் "முடிக்கு ஃபினாஸ்டரைட் எடுக்கிறேன்" என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லுங்க. கேள்வி இருந்தா கீழே கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன். தேவைப்படும் நண்பருக்கு அனுப்புங்க.